போய்ப் போய் வரும் இணைப்பு: அலுவலக நெட்வொர்க் கோளாறுகள் பற்றி ஓர் ஆய்வு

அடியோடு நின்றுபோன இணைப்பைச் சரிசெய்வது எளிது. எங்கே அறுந்திருக்கிறதோ அந்த இடம் நாம் தேடி வரும்வரை அப்படியே இருக்கும். போய்ப் போய் வரும் இணைப்புதான் ஆளை அலைக்கழிக்கும். டேலியில் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை உறைந்து நிற்கும். சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அவர் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, "இனி வராது சார்" என்று சொல்லிப் போவார். மறுநாள் அதே கோளாறு வரும். ஆடிட்டர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம், சிறு ஏற்றுமதி நிறுவனம் என்று பத்து இருபது கணினி வைத்திருக்கும் இடங்களில் இது தினப்படிக் கதை. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி நெருங்கும்போது இந்தக் கோளாறின் முழுப் பாரமும் கணக்கு எழுதும் ஊழியர் தலையில் விழுகிறது. கேபிளை இழுத்தவரும் ஐபி கொடுத்தவரும் வேறு யாரோ. திட்டு வாங்குவது இவர்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை தீரக்கூடியவை. அவற்றின் காரணங்கள் முப்பது ஆண்டுகளாக அறியப்பட்டவை, எழுதி வைக்கப்பட்டவை. அப்படியிருந்தும் தீராமல் இழுப்பதற்குக் காரணம், என்ன அறுந்தது என்று கேட்பதற்கு முன்பே எதையாவது மாற்றிவிடும் பழக்கம் என்பது என் முடிவு.

"நெட் போச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையிலான மின் தொடர்பே அறுந்திருக்கலாம். அது இருந்தும் கணினிக்கு ஐபி முகவரி கிடைக்காமல் இருக்கலாம். முகவரி இருந்தும் சர்வரில் உள்ள ஃபோல்டர் மட்டும் திறக்காமல் போகலாம். அலுவலகத்துக்குள் எல்லாம் ஓடி, வெளி இணையம் மட்டும் நின்றிருக்கலாம். இணையமும் ஓடி, ஒரு மென்பொருளின் இணைப்பு மட்டும் துண்டாகியிருக்கலாம். ஐந்துக்கும் ஐந்து விதமான மருந்து. ரூட்டரை அணைத்துப் போடுவது இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் பயன்படும். மற்றவற்றில் தடயத்தை அழித்துவிட்டுப் போகும்.

கேபிளிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஆய்வில் அதற்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன், ஏனென்றால் நம் ஊர் அலுவலகங்களில் அதற்குத்தான் மிகக் குறைந்த கவனம் கிடைக்கிறது.

ஈதர்நெட்டின் கருத்து 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய ஒரு குறிப்பில் பிறந்தது. முதலில் அறை முழுவதும் ஒரே கோஆக்ஸியல் கேபிள் ஓடும். எல்லாக் கணினிகளும் அதில் தொற்றிக்கொள்ளும். ஒரு இணைப்பு தளர்ந்தால் அந்தத் தடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை நின்றது. 1990இல் முறுக்குக் கம்பி முறை தரமாக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, நடுவில் ஒரு பெட்டி என்ற ஏற்பாடு வந்தது. கோளாறு ஒருவரோடு நின்றுவிடுவது இதன் பெரிய நன்மை. ஒரே ஒரு கணினி மட்டும் விட்டு விட்டுப் போகிறதா, ஒரு வரிசை முழுவதும் போகிறதா, அலுவலகமே போகிறதா என்ற கேள்வி பாதித் தேடலை முடித்துவிடும். ஒரு கணினி என்றால் அதன் கேபிள், அதன் கார்டு, சுவிட்சில் அதன் துளை. ஒரு வரிசை என்றால் அந்த வரிசைக்கான சுவிட்ச், அதன் அடாப்டர். மொத்தமும் என்றால் நடுச் சுவிட்சும் ரூட்டரும்.

செப்புக் கம்பிக்கு 100 மீட்டர் எல்லை. அதிலும் சுவருக்குள் ஓடும் நிலையான பகுதி 90 மீட்டர். இரு முனைகளிலும் சேர்க்கும் பேட்ச் கார்டுகளுக்கு மிச்சம் 10 மீட்டர். பழைய கட்டடங்களில் மாடிப்படி வழியாகச் சுற்றிச் சுற்றி இழுத்த கேபிள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதும், நடுவில் வெட்டி முறுக்கி டேப் ஒட்டியிருப்பதும் உண்டு. கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கியிருப்பது அழகுக்காக இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை அந்த முறுக்குதான் தள்ளுகிறது. முனையில் பிரிக்கும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைக் கலைக்கக் கூடாது என்பது விதி. இரண்டு அங்குலம் பிரித்து கிரிம்ப் செய்து, வெளியுறை ஜாக்குக்குள் போகாமல் தொங்கும் முனைகளை எத்தனை அலுவலகங்களில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதைவிட மோசமான ஒரு பிழை உண்டு. வண்ண வரிசை தெரியாதவர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று இயல்பாகத் தோன்றும் வரிசையில் இரு முனையையும் ஒரே மாதிரி அடித்துவிடுவார். எட்டு விளக்கு கொண்ட சின்ன டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் தரத்தின்படி 3ஆம் முள்ளும் 6ஆம் முள்ளும்தான் ஒரு ஜோடி. இவர் அடித்த முறையில் அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்குகளுக்குப் போய்விடுகின்றன. கேபிள் குட்டையாக இருந்தால் ஓடும்; நீளமானால் பளு ஏறும்போதெல்லாம் தடுமாறும். அந்த டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்பதை மட்டுமே சொல்லும், தரவைத் தாங்குமா என்று சொல்லாது. அதன் விளக்கைக் காட்டி "கேபிள் ஓகே" என்று சொல்லும்போது யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடை இல்லை.

அடுத்தது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செப்புப் பூச்சு அலுமினியக் கேபிள். பெட்டியில் 'கேட் 6' என்று அச்சடித்திருக்கும். கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பதோ முழுச் செம்பு. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். நாலு முறை வளைத்தால் உள்ளுக்குள் முறிந்துபோகும். அதே கேபிளில் கேமராவுக்கோ போனுக்கோ மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவு தெரியும். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கம்பியின் விலையில் மிச்சப்படுத்திய தொகையை அலுவலகம் வருடக்கணக்கில் சர்வீஸ் கூலியாகத் திருப்பிக் கட்டுகிறது.

கேபிள் கெட்டதைக் கணினியே சொல்லும் ஒரு குறிப்பு இருக்கிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கிகாபிட் சுவிட்சில் மாட்டிய கணினி 100 மெகாபிட் என்று காட்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஜோடி அறுந்திருக்கிறது அல்லது முள் தொடவில்லை. விண்டோஸ் ஈவென்ட் வியூவரிலும் தடயம் இருக்கும். இன்டெல் கார்டு உள்ள கணினிகளில் நெட்வொர்க் டிரைவர் எழுதும் 27ஆம் எண் பதிவு, கேபிள் தொடர்பு அறுந்ததைக் குறிக்கும். எந்த நாள், எந்த நொடி என்பது வரை அதில் கிடைக்கும். கேள்வி கேட்காமலே சாட்சி சொல்லும் இந்தப் பதிவைத் திறந்து பார்க்காமல் கணினியை ஃபார்மேட் செய்வது பெரிய அநியாயம்.

மின்சாரமும் இந்தக் கணக்கில் சேரும். சிறு சுவிட்சுகளின் அடாப்டர் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஏசி கம்பிரசரோ லேசர் பிரிண்டரோ இயங்கத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிய, சுவிட்ச் தானாக மறுதொடக்கம் ஆகும். அந்த வரிசையில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் துண்டாவார்கள். கணினிகளை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, சுவிட்சைச் சுவர் பிளக்கில் விட்டுவைப்பது இங்கே சர்வசாதாரணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடிமின்னல் இன்னொரு எதிரி. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செப்புக் கேபிள் ஓடினால், இரு பக்க எர்த்திங்கும் ஒத்துப்போகாத இடத்தில் மின்னல் நேரத்துப் பாய்ச்சல் சுவிட்ச் துளைகளைக் கொன்றுவிடும், அல்லது பாதி உயிரோடு விட்டுவைக்கும். பாதி உயிரோடு இருக்கும் துளைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. கட்டடத்துக்குக் கட்டடம் உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் போட்டால் அந்த வழியே மின்சாரம் வராது. எலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. பொய்க்கூரையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கணினிப் பக்கம் வருவோம். நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள் என்பது இந்தத் துறையில் வேதவாக்கு. டிவைஸ் மேனேஜரில் கார்டைத் திறந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை விண்டோஸ் நிறுத்திக்கொள்ளலாம் என்ற டிக் இருக்கும். சற்று நேரம் தொடாமல் விட்ட கணினி திரும்பி வரும்போது மட்டும் இணைப்பு இல்லை என்றால் அந்த டிக்கை எடுத்துப் பார்ப்பது நியாயம். வேலை நடுவில் அறுகிறது என்றால் அதை எடுத்து என்ன பயன்? கார்டே பிழையோடு பிறப்பதும் உண்டு. இன்டெல் ஐ225 என்ற 2.5 கிகாபிட் சிப்பின் ஆரம்பப் பதிப்புகள் சில சுவிட்சுகளோடு அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை. வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைப்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வழி. இப்படிப்பட்ட சிப் உள்ள கணினியில் எத்தனை கேபிள் மாற்றினாலும் நிலைமை மாறாது.

வேகத்தைக் கையால் பூட்டி வைக்கும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் முறை 1995 தரத்திலேயே வந்துவிட்டது. ஒரு முனையை 100 மெகாபிட், முழு இருவழி என்று பூட்டிவிட்டு மறுமுனையைத் தானியங்கியில் விட்டால், மறுமுனைக்குப் பதில் கிடைக்காததால் அது அரை இருவழிக்கு இறங்கிவிடும். பிங் ஓடும், சின்னக் கோப்பு திறக்கும். பெரிய கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் நின்று நின்று போகும். இரண்டையும் தானியங்கியிலேயே விடுங்கள். கிகாபிட் செப்புக் கம்பியில் தானியங்கிப் பேச்சு கட்டாயம்.

ஐபி முகவரிப் பிரச்சினையை அடையாளம் காண ஒரே ஒரு எண் போதும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரைக் கூப்பிட்டுப் பதில் கிடைக்காமல் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சர்வர் தரும் முகவரி ஒரு தவணைக்குத்தான். விண்டோஸ் சர்வரில் வழக்கமான தவணை 8 நாள். தவணையின் பாதியில் கணினி புதுப்பிக்கக் கேட்கும். கிடைக்காவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் மறுபடி, கிடைக்கும் சர்வர் எதையாவது கேட்கும். இந்தக் கணக்கு தெரிந்தால், சில கணினிகள் மட்டும் சில நாட்களுக்கு ஒருமுறை துண்டாவது மர்மமாகத் தெரியாது.

யாரோ ஒருவர் தம் மேசையில் வைஃபை வேண்டும் என்று வீட்டிலிருந்து பழைய ரூட்டரைக் கொண்டுவந்து லேன் துளையில் செருகுவார். அதுவும் டிஹெச்சிபி சர்வராக மாறி முகவரி கொடுக்கத் தொடங்கும். யார் முந்திப் பதில் தருகிறாரோ அவர் தந்த முகவரியைக் கணினி ஏற்கும். காலையில் இந்தக் கணினி சரி, அந்தக் கணினி இல்லை, மாலையில் மாறிப்போகும். இதற்குப் பயந்து எல்லா முகவரியையும் கையால் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே ஒரே முகவரி இரண்டு சாதனங்களுக்குப் போய், ஒன்று வந்தால் மற்றது சாயும். பிரிண்டர், சர்வர், கேமரா ரெக்கார்டர் ஆகியவற்றுக்கு மட்டும் டிஹெச்சிபியிலேயே முகவரியை ஒதுக்கி வைத்து, மற்றவற்றைத் தானாகப் பெற விடுவதே நல்லது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால், அனுமதி இல்லாத துளையிலிருந்து வரும் டிஹெச்சிபி பதிலை அதுவே தடுக்கும்.

ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டால் மொத்த அலுவலகமும் சில நொடிகளில் மூச்சுத் திணறும். எல்லோருக்குமான அழைப்புச் செய்தி அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றிப் பெருகும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் வடித்தார். மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அது இல்லை. இருக்கும் இடத்திலும் இயல்பு அமைப்பில் ஒரு துளை உயிர்பெற 30 நொடி எடுக்கும். அதற்குள் கணினி பொறுமையிழந்து 169.254 போட்டுக்கொள்ளும். கணினி மட்டும் மாட்டும் துளைகளுக்கு அந்தக் காத்திருப்பை நீக்கும் அமைப்பு சுவிட்சிலேயே உண்டு.

இந்த நெறிமுறையும் கைவிடக்கூடும் என்பதை உலகம் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் பார்த்தது. ஆண்டுக்காண்டு சுவிட்சோடு சுவிட்சைச் சேர்த்து வளர்த்த அந்த நெட்வொர்க், ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய ஏழு தாவல் அளவைத் தாண்டிப் பரந்திருந்தது. 2002 நவம்பர் 13 அன்று, ஒரு ஆய்வாளரின் பெருந்தரவு ஓட்டம் தடங்களை அடைத்த நிலையில், சுவிட்சுகள் வளையத்தில் சிக்கின. ஏறக்குறைய நான்கு நாட்கள் நெட்வொர்க் விழுவதும் எழுவதுமாக இருந்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். தலைமைத் தகவல் அதிகாரி ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே பேசினார். அதனால்தான் இன்றும் அந்த நிகழ்வைப் படிக்க முடிகிறது. நம் நிறுவனங்களில் எவ்வளவு பெரிய முடக்கம் நேர்ந்தாலும் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. அதனால் அடுத்த நிறுவனம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நெட்வொர்க்கே கெடாமல் நெட்வொர்க் போனதாகத் தோன்றும் வகை ஒன்று உண்டு. விண்டோஸில் பகிர்ந்த ஃபோல்டரில் 15 நிமிடம் யாரும் எதையும் திறந்து வைக்காமல் சும்மா விட்டால் சர்வர் அந்த இணைப்பை மூடிவிடும். மேப் செய்த டிரைவில் சிவப்புக் குறி விழும். கிளிக் செய்தால் திறந்துவிடும், ஆனால் பழைய மென்பொருள் சில அந்தக் கணத்தில் பிழை காட்டும். சர்வரில் ஒரு கட்டளையால் இந்த வழக்கத்தை நிறுத்தலாம். இன்னொன்று, தனி சர்வர் வாங்காமல் ஒரு சாதாரணக் கணினியில் டேலி டேட்டாவை வைத்து எல்லோருக்கும் பகிர்வது. விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்பை மட்டும் ஏற்கும். விண்டோஸ் 7 முதல் 20. இருபத்தோராவது ஆள் உள்ளே வர முடியாது. யாராவது வெளியேறினால் அவர் இடத்தில் இன்னொருவர் நுழைவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விட்டு விட்டு வரும் கோளாறாகத்தான் தெரியும்.

தொலைவில் உள்ள சர்வரோடு பேசும் மென்பொருளுக்கும் இதே விதமான விபத்து நேரும். ரூட்டரும் ஃபயர்வாலும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் நினைவு வைத்திருக்கும். சில நிமிடம் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடும் சாதனங்கள் பல. விண்டோஸோ இயல்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் "இருக்கிறாயா?" என்று கேட்கும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு மட்டும் ஈஆர்பி மென்பொருள் துண்டாகிறது என்றால் கேபிளைத் தொடாதீர்கள். மென்பொருளில் உயிர்த்துடிப்பு இடைவெளியைக் குறையுங்கள்.

வைஃபையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பேன்ட்ரியின் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் ஆக்சஸ் பாயின்ட் உடனே இடம் மாறியாக வேண்டும். கடைசி மூன்று நாள் வைஃபை வரலாற்றை அறிக்கையாகத் தரும் கட்டளை விண்டோஸிலேயே உண்டு. என் கருத்தில், இடம் மாறாத மேசைக் கணினிக்கு வைஃபை கூடவே கூடாது.

திரையின் மூலையில் தெரியும் உருண்டை ஐகானையும் வேதமாக நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனைப் பக்கம் வருகிறதா என்று பார்த்துத்தான் விண்டோஸ் அதை வரைகிறது. ஃபயர்வால் அந்தப் பக்கத்தைத் தடுத்தால் இணையம் ஓடினாலும் இல்லை என்று காட்டும்.

எப்படித் தேடுவது என்பதில் இத்துறையில் மூன்று பழக்கங்கள் உண்டு. கம்பியிலிருந்து மேலே போவார்கள். மென்பொருளிலிருந்து கீழே வருவார்கள். நடுவில் வெட்டி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பார்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு மூன்றாவதுதான் தோது. ஒரு கணினியில் மூன்று ஜன்னல் திறந்து, நேரத்தோடு பதிவாகும்படி ரூட்டருக்கும் சர்வருக்கும் வெளியே 8.8.8.8க்கும் பிங் ஓடவிடுங்கள். அடுத்த முறை அறும்போது எது நின்றது என்பதே எல்லையைக் காட்டிவிடும். மூன்றும் நின்றால் உங்கள் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். வெளியே மட்டும் நின்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எதுவும் நிற்காமல் இணையதளம் மட்டும் திறக்காவிட்டால், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். பிங் சிறிய பொட்டலம் என்பதால் பலவீனமான கேபிளிலும் தப்பிவிடும். பெரிய அளவிலும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

நேரம் குறித்து வைப்பதன் வலிமைக்கு வேல்ஸில் உள்ள ஆபர்ஹோசன் கிராமம் சாட்சி. 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு அந்த ஊரின் பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் அந்தத் தடத்தைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனப் பொறியாளர்கள் அலைமானியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டில் தினமும் 7 மணிக்குப் போடப்பட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி உமிழ்ந்த மின் இரைச்சல்தான் காரணம் என்று 2020இல் தெரியவந்தது. ஏழு மணி என்ற அந்த ஒரு தகவல் இல்லாமல் அதைப் பிடித்திருக்க முடியாது.

ஆகவே அலுவலகம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். சுவிட்சுக்கு அருகில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். எந்தக் கணினி, எத்தனை மணி, அப்போது வேறு என்ன ஓடியது என்று ஊழியர்கள் எழுதட்டும். எழுதியதற்காக அவர்களைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள். புதிதாகக் கேபிள் போடும்போது சான்றளிப்புக் கருவியால் ஒவ்வொரு தடத்தையும் சோதித்து அறிக்கை தரச் சொல்லுங்கள். அந்தக் கருவி விலை அதிகம், ஆனால் வாடகைக்குக் கொண்டுவரும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். அறிக்கை கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.